பிஸ்டல் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

புளியங்கூடல், சரவணை, நாரந்தனைப் பக்கம் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திருத்திக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்து இருக்கிற ஆட்கள் இப்போது கூடிவருகிறார்கள். வயதுபோன இரண்டு பேர், பெரிய வளவு, பக்கத்து வளவில் பற்றை, இரவானால் அடுத்த வெளிச்சம் எங்கேயோ தூரத்தில். பயம் வருவது நியாயம்தான். அந்தப் பயத்தோடு ஒரு கேள்வியும் எங்களிடம் வருகிறது: "சேர், லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வைத்திருக்கலாமோ? அமெரிக்காவில இருக்கிற தம்பி இடுப்பில வைச்சுக்கொண்டுதான் கடைக்கே போறவன்."

நாங்கள் புளியங்கூடலில் படிப்பிக்கிறவர்கள், துவக்கு நிபுணர்கள் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் தேடாமல் விடுவது வாத்தியார் வேலைக்கு அழகில்லை. எங்கள் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் சட்டம். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 1996 இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். பயிர்ச்செய்கையைக் காக்கும் சொட்கண் என்றால் மாவட்டச் செயலகம். தற்பாதுகாப்புக்குப் பிஸ்டல், றிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு. உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்டவேண்டும். அமைச்சு "சரி" என்றாலும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டும். அமெரிக்காவில் இருப்பது போல "உரிமை" இல்லை இது. அரசு தரும், அரசு திருப்பி வாங்கும். 2024 இன் கடைசியில் அதுதான் நடந்தது. தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்து, நவம்பர் 7 என்று நாளும் குறித்தது.

வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். அமெரிக்கத் தம்பியைச் சொல்கிறவர்கள் லண்டன் அக்காவையும் ரொறன்ரோ மாமாவையும் சொல்வதில்லை. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 இலிருந்து கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது, கைமாற்றுவது எல்லாம் முடக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 1997 இலேயே தடை. காரணம் ஒரு பள்ளிக்கூடம். 1996 மார்ச் 13, ஸ்கொட்லாந்தின் டன்பிளேன். ஆரம்பப் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்துக்குள் ஒருவன் நுழைந்து 16 பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயது. அவன் கையில் இருந்த துவக்குகள் கள்ளத் துவக்குகள் இல்லை. எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருந்தது. ஒன்றாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கிற எங்களுக்கு இந்தச் செய்தியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எது வாங்குவது? றிவோல்வர் என்றால் ஐந்தாறு ரவை, சுழல்கிற உருளை, பொறிமுறை இலகு. பிஸ்டல் என்றால் மகசின், அதிக ரவை. பிஸ்டலில் ஒரு பொறி இருக்கிறது. மகசினைக் கழற்றினாலும் குழலின் பின்முனையில் ஒரு ரவை நிற்கலாம். "மகசின் வெளியில, இனி வெறுந் துவக்கு" என்று நினைத்து விசையை அழுத்தி மகனைச் சுட்ட தகப்பன்மார் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதனால்தான் துவக்குப் பழக்குகிறவர்களின் முதற்பாடம்: எந்தத் துவக்கையும் ரவை ஏற்றினதாகவே நினை. இரண்டாவது: அழிக்க விரும்பாத எதற்கும் நேரே குழலை நீட்டாதே. மூன்றாவது: குறிபார்க்கும் வரைக்கும் விசையில் விரல் வைக்காதே. நான்காவது: குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்.

இந்த நான்காவதை எங்கள் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். 9 மி.மீ. ரவை தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீற்றருக்கும் மேல் போகும். கிடுகு வேலியும் தகரமும் அதற்குத் தடையே இல்லை. புளியங்கூடலில் இருட்டில் ஒரு நிழலைப் பார்த்துச் சுட்டால், நிழலுக்குப் பின்னால் யாருடைய வீட்டு விறாந்தை?

அடுத்தது பயிற்சி. துவக்கு வகைகளில் குறி தவறாமல் சுடக் கடினமானது கைத்துப்பாக்கிதான், குழல் கட்டை என்பதால். படத்தில் கதாநாயகன் ஓடிக்கொண்டே சுடுவதை விட்டுவிடுங்கள். நியூயோர்க் பொலிஸாரின் சூடுகளை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008 இல் அறிக்கை வெளியிட்டது. எதிராளியும் திருப்பிச் சுட்ட சந்தர்ப்பங்களில் பொலிஸார் சுட்ட நூறு ரவைகளில் 18 தான் ஆளில் பட்டிருக்கிறது. அது சம்பளம் கொடுத்துப் பழக்கின பொலிஸ். முழங்கால் வலியோடு நடுச்சாமத்தில் எழும்புகிற எழுபது வயது அப்பாவுக்கு என்ன கணக்கு வரும்?

இடுப்பில் மறைத்து வைத்திருப்பதன் கதையும் அதுதான். 1983 இல் டெனிஸ் ரூலர் என்ற அமெரிக்கப் பொலிஸ் பயிற்றுநர் ஒரு கணக்குச் சொன்னார். கத்தியோடு வருகிறவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை செக்கனில் கடந்துவிடுவான். பழகினவர் துவக்கை உருவிச் சுடவும் அவ்வளவு நேரம் வேண்டும். சேட்டுக்குள் மறைத்து வைத்திருந்தால் இன்னும் கூட. எங்கள் வீட்டு விறாந்தை 21 அடி வராது.

இனி எங்கள் மண்ணில் நடந்தது. மறைத்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கி என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1975 ஜூலை 27 இல் மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுடப்பட்டார். 1989 ஜூலை 13 இல் கொழும்பில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டார்கள். இந்த இரண்டாவதை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறோம். வந்தவர்கள் அனுமதி பெற்று வந்த விருந்தாளிகள். சோதிக்க வேண்டாம் என்று வீட்டிலிருந்தே சொல்லப்பட்டது. தேத்தண்ணி கொடுத்த வீடு. வாசலில் துவக்கோடு பொலிஸ் காவல் நின்றது. அந்தக் காவலர்கள் நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள், வந்த மூன்று பேரையும் சுட்டு வீழ்த்தினார்கள். ஆனால் அதற்குள் உள்ளே காரியம் முடிந்துவிட்டது. முதலில் உருவுகிறவன் கையில்தான் பிஸ்டலுக்குப் பலம். தற்காப்பு என்பது எப்போதும் இரண்டாவது கை.

அண்மைய உதாரணமும் இருக்கிறது. 2025 பெப்ரவரி 19, புதுக்கடை நீதிமன்றம். விசேட அதிரடிப்படைக் காவலோடு கொண்டுவரப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ கூண்டில் நின்றபடியே சுடப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்தார். றிவோல்வர் வந்தது நடுவில் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள். (புத்தகத்தை இதற்கும் பாவிக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.) அன்று பின்னேரமே அவரைப் பிடித்தது புத்தளம் பாலாவியில். அகதி வாழ்க்கையில் எங்கள் ஆட்கள் பலர் வளர்ந்தது அந்தப் பக்கம்தான்.

அகதி என்றதும் இன்னொரு கேள்வி வரும். அதைக் கேட்பது வெளியார் இல்லை, எங்கள் சொந்த இளைஞர்கள். "1990 ஒக்டோபர் 30 இல் சோனகதெருவிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் துரத்தினார்களே, அப்போது எங்களிடம் துவக்கு இருந்திருந்தால்?"

இது லேசான கேள்வி இல்லை. கிழக்கைப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறோம். அதே வருடம் ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அந்தக் காலத்தில் முஸ்லிம் கிராமங்களில் ஊர்காவல் படைக்கு அரசாங்கம் துவக்குக் கொடுத்தது. அவர்களில் உண்மையாகவே ஊரைக் காத்து நின்றவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் 1992 ஏப்ரல் 29 ஐ யாரும் பேசுவதில்லை. பொலன்னறுவை மாவட்டம் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். அதே நாளில் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லுக்கும் கரப்பொலவுக்கும் போய் அப்பாவிகளைக் கொன்றவர்களில் எங்கள் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள். காவலுக்குக் கொடுத்த துவக்கு அழிஞ்சிப்பொத்தானையைக் காக்கவில்லை. முத்துக்கல்லைக் கொன்றது. அழிஞ்சிப்பொத்தானையை மட்டும் சொல்லி முத்துக்கல்லை மறைக்கிற முஸ்லிம் நண்பர்களிடமும், மாறிச் சொல்கிற தமிழ் நண்பர்களிடமும் இதைத்தான் சொல்லி வருகிறோம். திட்டும் இரண்டு பக்கத்தாலும் வருகிறது.

மார்க்கம் தெரிந்த சிலர் தற்காப்புக்கு ஆதாரம் காட்டுவார்கள். தற்காப்பு கடமைதான். அதோடு, சந்தையிலோ பள்ளிவாசலிலோ அம்போடு போகிறவர் யார் மேலும் படாமல் முனையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்ற நபிவழியும் புகாரியில் இருக்கிறது. பயணத்துக்கும் வேட்டைக்கும் அம்பு கொண்டுபோன காலத்திலேயே இவ்வளவு கவனம்.

நாங்கள் கூடப் பயப்படுவது கள்ளனுக்கு இல்லை, வீட்டுக்குள் இருக்கிறவருக்கு. கலிபோர்னியாவில் பெருந்தொகையான ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020 இல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிடத் துவக்கால் தம்முயிரை மாய்த்துக்கொள்வது எட்டு மடங்கு கூட. அமெரிக்கக் கதை என்று தள்ளவேண்டாம், இதே பாடத்தை உலகத்துக்கு முதலில் சொன்ன நாடுகளில் ஒன்று இலங்கை. 1995 அளவில் இங்கே ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, அந்தத் தொகை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மனிதருடைய கவலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் சாவு இல்லாமல் போனது, அவ்வளவுதான். கெட்ட நேரம் பெரும்பாலும் சில மணித்தியாலம். அது கடந்துபோக இடம் கிடைத்தால் ஆள் மிஞ்சுவார். தோட்டத்துக் கொட்டிலிலிருந்து எடுத்த ஆபத்தைக் கொண்டுபோய் அலுமாரியில் வைக்கவேண்டுமா? கடனோடும் தனிமையோடும் இருக்கிற வீடுகளை எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். (மனம் சரியில்லாதவர்கள் எந்த நேரமும் 1926 க்கு எடுத்துக் கதைக்கலாம்.)

பிள்ளைகள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அலுமாரித் திறப்பு எங்கே என்று வீட்டில் யாருக்குத் தெரியாவிட்டாலும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

அப்படியென்றால் கள்ளனுக்கு என்ன செய்வது? வளவுக்குள் பற்றை வெட்டுங்கள். ஆள் அசைந்தால் எரிகிற சூரியமின்கல விளக்கு நான்கு மூலைக்கும் போடுங்கள், பிஸ்டல் விலையில் ஒரு ஓரம்கூட வராது. நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். கலியாண வீட்டுக்குப் போட்டதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு இரவில் பயப்படுவதில் அர்த்தமில்லை. ஊர் நாய்க்கு ஒரு பிடி சோறு. பக்கத்து வீட்டாரோடு எல்லைக் காணிச் சண்டை இருந்தால் அதை முடியுங்கள், ஏனென்றால் நீங்கள் கூப்பிட்டால் முதலில் கேட்கிற காது அவர்களுடையது. 119 பிறகுதான் வரும்.

கடைசியாக, அப்பாவின் பழைய சொட்கண் ஒன்று பரணில் கிடக்கிறது, என்ன செய்வது என்று கேட்ட அண்ணைக்கு: லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அப்பா போனபிறகு அதை வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை. தொடவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், உள்ளே ரவை இருக்கலாம். துவக்கைத் தூக்கிக்கொண்டு வீதியால் போகவும் வேண்டாம். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல் பூட்டிவிட்டு, கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய், பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் மரணச் சான்றிதழையும் காட்டிச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுப்பார்கள். எடுக்கும்போது எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள்.