மாடு இல்ல சார், நாய்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவனின் அம்மா போன் செய்தார். "சார், கடன் வாங்கி இன்ஜினீயரிங் படிக்க வச்சோம். கம்பெனி வேலையை விட்டுட்டு, ஊர்ல இருக்கிற நாயை எல்லாம் வாக்கிங் கூட்டிட்டுப் போறான். பொண்ணு வீட்ல என்னன்னு சொல்றது? நீங்க சொன்னா கேப்பான் சார்" என்று அழாத குறையாகப் பேசினார். நானும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இவன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். காரணிப்படுத்தலில் தடுமாறுவான். ஒருநாள் பொறுமை இழந்து, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மறந்திருப்பான் என்று நினைத்தேன். நேரில் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "மாடு இல்ல சார், நாய்" என்றான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

புத்தி சொல்வதற்கு முன் வேலையைப் பார்த்துவிடலாம் என்று, மறுநாள் காலை 5 மணிக்கு வேளச்சேரியில் அவனோடு கிளம்பினேன். முதல் வீட்டில் வயதான தம்பதி. மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன லேப்ரடார். இழுத்தால் பெரியவர் கீழே விழுந்துவிடுவார். அந்த வீட்டுச் சாவியே இவனிடம் இருக்கிறது. நாய் ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்றது. "இழுத்துட்டுப் போகாம ஏன்டா நிக்கிறே?" என்றேன். "மோந்து பார்க்க விடணும் சார். நீங்க காலைல பேப்பர் படிக்கிற மாதிரி அதுக்கு அது" என்றான்.

எந்தத் தெருவில் எந்தத் தெருநாய் வம்புக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும்; சுற்றிக்கொண்டு போகிறான். வேறு வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து நடத்துவதில்லை. செயினை விரலில் சுற்றிக்கொள்வதில்லை. திடீரென்று இழுத்தால் விரல் போய்விடுமாம். நாய் அசிங்கம் செய்தால் பையில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். வெயில் ஏறியதும் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்க்கிறான். நம் கைக்குத் தாங்காத சூடு அதன் பாதத்துக்கும் தாங்காது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு அதுவும் கஷ்டம். அதனால் பக்கை இருட்டிலேயே நடத்தி முடித்துவிடுகிறான். காரணிப்படுத்தலில் தடுமாறிய பையன் இவ்வளவையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றிருக்கிறான்.

இனி என் பாடமான கணக்குக்கு வருகிறேன். கம்பெனியில் இரவு ஷிப்ட், கையில் 16,000 ரூபாய். இப்போது காலையும் மாலையுமாக 7 நாய்கள். ஒன்றுக்கு மாதம் 3,500 வீதம் 24,500. பெட்ரோலும் போனும் 2,500 போக 22,000 மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவன் போட்ட கணக்கில் மே மாதம் இல்லை. விடுமுறையில் இரண்டு வீட்டார் ஊருக்குப் போய்விட்டால் 7,000 போய்விடும்; மிச்சம் 15,000. பழைய சம்பளத்தைவிடக் குறைவு.

போன வருடம் ஒரு நாய் இவன் காலைக் கடித்துவிட்டது. அது கடிக்கும் என்பதை வீட்டுக்காரர் முன்பே சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் பத்து நாள் வருமானம் போனது. யாரும் ஒரு ரூபாய் தரவில்லை.

அவனுக்கு நான் சொன்ன புத்தி இதுதான். வேலையை விடாதே, வேலையை வேலையாகச் செய். சம்பளத்தை மாத முன்பணமாக வாங்கு. வீட்டார் ஊருக்குப் போனாலும் பாதிப் பணம் உண்டு என்று முதல் நாளே எழுதிக்கொள். வாரம் ஒருநாள் விடுப்பு கேள். தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்க்காமல் எந்த நாயையும் ஏற்காதே. நாய்க்கடிக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள். கடித்தால் உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. வெறிநோய் அறிகுறி வந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. அதைக்கூட இவன் போடாமல் இருந்தான். அதற்குத்தான் திட்டினேன்.

நாய் வளர்க்கும் என் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியதை மறந்திருக்க மாட்டீர்கள். நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பது பொறுப்பான வேலை. அந்தப் பொறுப்பை ஒருவனிடம் கொடுக்கும்போது, உங்கள் நாயின் குணத்தை மறைக்காதீர்கள். உங்கள் நாயால் காயம் பட்டால் அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

உறவினர்களே, கோபிக்காமல் கேளுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கும்போது ஹோட்டலில் தட்டுக் கழுவியதை, "சொந்தக் காலில் நிக்கிறான்" என்று கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்கிறோம். அதே பிள்ளை நம் தெருவில் நாயின் அசிங்கத்தை அள்ளினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அழுக்கைத் தொடும் கையைக் கீழாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். என் வாயில் அந்த 'மாடு மேய்க்கும்' வசவும் அங்கிருந்துதான் வந்தது. மாடு மேய்ப்பது லேசான வேலையா என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து, "பொண்ணு வீட்ல உள்ளதைச் சொல்லுங்கம்மா. வேலை இது, வருமானம் இவ்வளவு, மே மாசம் குறையும். நான் வேணும்னாலும் கூட வந்து சொல்றேன்" என்றேன். "நீங்களுமா சார்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது; கடன் இன்னும் அடையவில்லை. அதனால் நான் கோபப்படவில்லை, காத்திருக்கிறேன்.

என்னிடம் அந்த வசவை வாங்கியவர்கள் இவன் ஒருவன் மட்டுமல்ல. இந்தப் பதிவைப் படிக்கும் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு சார்