உரல் யார் வீட்டில் இருக்கணும்? (ஒரு ஃபைல் ஃபார்மேட் புலம்பல்)

பொட்டி தட்டிப் பிழைப்பவன் என்பதால் ஊரிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி கம்ப்யூட்டர் வைத்தியம் கேட்டுத்தான். அதிலும் சில வருடங்களாக ஒரே வியாதி: "போட்டோ ஓப்பன் ஆவல." வைத்தியம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இந்த வியாதியைப் பரப்புவது யார் என்று யோசித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் :-)

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தை ஒரு ஃபார்மேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது படத்தைக் கொண்டுவருகிறவரின் வேலை இல்லை, பார்க்க வருகிறவரின் வேலையும் இல்லை. வாசலில் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தின் வேலை. நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். அதனால் நஷ்டப்படுவது எப்போதும் வசதி குறைந்த ஆட்கள்தான்.

போன வருடம் விஜயபுரத்தில் சித்தப்பா மகள் ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்தாள். (எந்தத் தேர்வு, எந்தத் தளம் என்பதெல்லாம் வேண்டாம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.) கையில் இருந்தது நான் லீவில் போனபோது கொடுத்துவிட்டு வந்த பழைய ஐபோன். சான்றிதழைப் படமெடுத்து, வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும் என்று சமர்த்தாக 'டாக்குமெண்ட்' ஆக நகரியில் இருக்கும் ஒரு நெட் சென்டருக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தச் சமர்த்துதான் வினையாகிவிட்டது. படமாக அனுப்பியிருந்தால் வாட்ஸப் அதை ஜேபெக் ஆக மாற்றிச் சுருக்கி அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். ஐபோனில் உள்ளது உள்ளபடி என்றால் எச்.இ.ஐ.சி. என்று ஒரு ஃபார்மேட். கடைக்காரரின் பழைய விண்டோஸ் மெஷின் அதைப் பார்த்ததே கிடையாது. "ஃபைலு கரெப்ட்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"அண்ணா, பைலு ஓப்பன் ஆவலன்றாரு. இன்னிக்கு ராத்திரியோட கடைசித் தேதி."

எனக்கு இங்கே மினியாபொலிஸில் விடிகாலை. ஃபைலை எனக்கு அனுப்பச் சொல்லி, மாற்றி, திருப்பி அனுப்பினேன். அடுத்து "அளவு அதிகம்" என்றது தளம். சுருக்கினேன். "படம் தெளிவாக இல்லை" என்றது. கடைசியில் ஒருவழியாக உள்ளே போனபோது அவள் இரண்டு முறை பஸ் ஏறி, கடையில் நூற்றுச் சொச்சம் ரூபாய் கொடுத்திருந்தாள். இவளுக்கு விடிகாலையில் எழுப்ப ஓர் அண்ணன் இருந்தான். அப்படி யாரும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? சான்றிதழ் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, ஃபைலின் வால் மட்டும் வேறு. அதற்காக ஒரு வருடம் போகும்.

இது ஏதோ பட்டிக்காட்டுப் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். 2020 மே மாதம் கொரோனா காரணமாக அமெரிக்காவில் காலேஜ் போர்டு தன் ஏ.பி. தேர்வுகளை ஆன்லைனில் நடத்தியது. கையால் எழுதிய விடையைப் போட்டோ எடுத்து ஏற்றலாம். ஏற்றியவர்களில் சிலருடைய படங்கள் எச்.இ.ஐ.சி. தளம் அதை வாங்கவில்லை. கடிகாரம் ஓடி முடிந்துவிட்டது. எழுதிய பரீட்சையை ஜூனில் மறுபடி எழுதச் சொன்னார்கள். சமர்ப்பிக்க முடியாமல் போனவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது போர்டு. இருக்கலாம். அந்த ஒருவருக்கு அது நூறு சதவீதம் இல்லையா? முதல் வாரம் முடிந்த பிறகுதான் ஈமெயிலில் அனுப்பவும் ஒரு வழி திறந்தார்கள். முதல் நாளே ஏன் திறக்கவில்லை?

சரி, ஏன் இத்தனை ஃபார்மேட்? யாருக்கும் வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 1992-ல் வந்த ஜேபெக் போட்டோவுக்கானது. கண்ணுக்குத் தெரியாத விவரங்களைக் கழித்துவிட்டுச் சுருக்கும். போனது போனதுதான், திரும்பாது. 1987-ல் வந்த ஜிஃப் சில வருடங்கள் எல்லோர் செல்லமாகவும் இருந்தது. 1994 கடைசியில் அதன் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் கம்பெனியின் பேட்டண்ட் இருக்கிறது, காசு எடுத்து வை என்றார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி. எதையும் கழிக்காமல் சுருக்கும், யாருக்கும் கப்பம் கிடையாது. எச்.இ.ஐ.சி.யை 2017-ல் ஐஓஎஸ் 11-உடன் ஆப்பிள் கொண்டுவந்தது. ஜேபெக்கில் ஏறக்குறைய பாதி இடம் போதும். ஆனால் உள்ளே இருக்கும் சுருக்கும் முறைக்கு மறுபடி பேட்டண்ட், மறுபடி காசு. ஆப்பிளின் சஃபாரி இப்போது அதைக் காட்டும், குரோம் காட்டாது. ஆக, கம்பெனிகளுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டையில் நகரி நெட் சென்டர் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள்.

இப்போது எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜ் ரெட்டி. 1937-ல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில் பிறந்தவர் (அப்போது சித்தூரும் சென்னை மாகாணம்தான்). கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். கம்ப்யூட்டர் உலகின் பெரிய விருதான டூரிங் விருதை 1994-ல் வாங்கியவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் முன்னின்று நடத்திய திட்டம், பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுப்பது. அதன் இந்தியப் பகுதிதான் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஒருங்கிணைத்தது, 2003-ல் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். ஸ்கேன் செய்த இடங்களில் எங்கள் திருப்பதி தேவஸ்தானமும் ஒன்று. கடையில் எந்தக் காலத்திலும் கிடைக்காத தமிழ், தெலுங்குப் புத்தகங்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருந்தன. எனக்கு அந்த மனிதர்மேல் இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் புத்தகத்தைப் படிக்கப் போனால்? பக்கத்துக்கு ஒரு டிஃப் ஃபைல். பிரவுசர்கள் பெரும்பாலும் டிஃப்பைக் காட்டாது. அதற்கென்று ஒரு ப்ளக்-இன் இறக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில், ஆபீஸில் அதற்கு அனுமதி கிடையாது. வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் தப்பித்தோம். பிறகு சில புண்ணியவான்கள் டவுன்லோடர் எழுதினார்கள். ராத்திரி ஓடவிட்டால் எல்லாப் பக்கங்களையும் இறக்கி ஒரே பிடிஎஃப்பாகக் கட்டித் தரும். நன்றி. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே புத்தகத்தை நூறு பேர், நூறு வீட்டில், நூறு முறை மாற்றினோம். லைப்ரரி ஒரு முறை மாற்றியிருந்தால் முடிந்தது. அந்த டவுன்லோடர் தெரியாத தமிழாசிரியர் எத்தனை பேர் முதல் பக்கத்தோடு திரும்பிப் போயிருப்பார்கள்?

டிஃப் தப்பான ஃபார்மேட் என்று சொல்லவில்லை. காப்பகத்தில் வைக்க அதுதான் சரி. கறுப்பு வெள்ளை அச்சுப் பக்கத்தை ஒரு புள்ளிகூடக் குறையாமல் சுருக்கி வைக்கும். எங்கள் பக்கம் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பார்கள். பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். அது விவசாயியின் ஒழுக்கம். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் விதைநெல்லைக் கொட்டி, "உரல் பக்கத்து ஊரில் இருக்கிறது, குத்திப் பொங்கிச் சாப்பிடுங்கள்" என்று யாராவது சொல்வார்களா? காப்பதற்கு ஒரு ஃபார்மேட், கொடுப்பதற்கு ஒரு ஃபார்மேட். இரண்டையும் ஒன்றாக்கியதுதான் தப்பு.

"அந்தக் காலத்து நெட் வேகத்தில் முழுப் புத்தகத்தையும் எப்படி அனுப்புவது, அதனால்தான் பக்கம் பக்கமாக வைத்தார்கள்" என்று ஒரு நண்பர் வாதாடினார். நியாயம். பக்கம் பக்கமாகவே வைத்திருக்கட்டும். அதே பக்கத்தை பிஎன்ஜியாக வைத்திருந்தால் அப்போதே பிரவுசரில் நேராகத் திறந்திருக்கும். டிஃப்பிலிருந்து பிஎன்ஜிக்கு மாற்றினால் ஒரு புள்ளியும் இழப்பில்லை.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் நீங்கள் ஸ்கேன் பக்கங்களை ஏற்றினால், மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, படிப்பதற்கான பிடிஎஃப்பை அவர்களே தயாரிக்கிறார்கள். முன்பு டிஜேவு என்ற ஃபார்மேட்டிலும் தந்தார்கள். 2016-ல் அதை நிறுத்தினார்கள். மூலம் பத்திரமாக இருந்ததால் யாருக்கும் ஒன்றும் குடி முழுகவில்லை. டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவின் பழைய தளம் இன்று இல்லை. அதன் புத்தகங்களில் பெரும்பகுதியை இப்போது நாம் படிப்பது அதே ஆர்க்கைவில், பிடிஎஃப்பாகத்தான். எழுத்து விஷயத்தில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதைத்தான் செய்தது. யூனிகோடுக்கு முன்பு டிஸ்கி குறியாக்கத்தில் கொடுத்தார்கள் (நம் பதிவுக்குக் கீழே போடும் டிஸ்கி இல்லை!). யூனிகோட் வந்ததும் "நீயே மாற்றிக்கொள்" என்று வாசகனை விடாமல், அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்களால் முடிந்தது, சம்பளமும் சர்வரும் இருக்கும் அலுவலகங்களால் ஏன் முடியாது?

வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் வேண்டும் என்கிறது. இன்றைக்கு ஒரு போன் எடுக்கும் படம் சாதாரணமாக 2, 3 எம்பி. அதை 50 கேபி ஆக்கும் வேலையை விண்ணப்பிக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளும் தனித்தனியாகச் செய்கிறார்கள். இமேஜ்மேஜிக் என்று ஓர் இலவச மென்பொருள் 1990-லிருந்து இருக்கிறது. ஒரே வரிக் கட்டளையில் ஃபார்மேட்டும் மாறும், அளவும் குறையும். அந்த ஒரு வரி சர்வரில் இருந்தால், ஊர் ஊராக "போட்டோ ரீசைஸ் செய்து தரப்படும்" என்ற போர்டுகள் காணாமல் போகும். (நெட் சென்டர் அண்ணன்கள் மன்னிக்கவும்.)

பாதுகாப்புத் துறை நண்பர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். கண்ட ஃபார்மேட்டையும் சர்வரில் திறந்தால் ஆபத்து, 2016-ல் அதே இமேஜ்மேஜிக்கில் பெரிய ஓட்டை கண்டுபிடித்தார்களே என்பார்கள். உண்மை. அதற்காகத்தான் மாற்றும் வேலையைத் தனி அறையில் பூட்டிச் செய்ய வேண்டும். அல்லது ஏற்றுவதற்கு முன்பே பிரவுசருக்குள் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. எதுவும் முடியாது என்றால் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். "இன்வேலிட் ஃபைல்" என்று சிவப்பில் எரிந்து விழாமல், "இது ஐபோன் படம், இதை இப்படி மாற்றிக் கொண்டு வாருங்கள்" என்று தமிழிலோ தெலுங்கிலோ இரண்டு வரி எழுதலாம். மரியாதை என்பது அதுதான்.

நம்மைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்து இந்தத் தளங்களை எழுதுகிறவர்கள், எழுதுகிறவர்களுக்கு மேனேஜராக இருக்கிறவர்கள் எத்தனை பேர்? அடுத்த முறை தேவைகள் பட்டியல் மேசைக்கு வரும்போது, "ஜேபெக் மட்டும்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். உரல் நம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பி.கு: அதுவரை தற்காப்புக்கு மூன்று விஷயம்.

1. ஊருக்கு ஐபோன் கொடுத்தால், செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துக் கொடுங்கள். அதன் பிறகு எடுப்பதெல்லாம் ஜேபெக்.

2. ஃபைல் பெயரின் வாலை மட்டும் ஜேபிஜி என்று மாற்றினால் ஃபார்மேட் மாறாது. பானை மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உப்பு இனிக்குமா?

3. சுருக்கிய படத்தையே மறுபடி மறுபடி சுருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்து தொடங்குங்கள். மூலத்தை அழிக்கவே அழிக்காதீர்கள். விதைநெல்!