பக்கத்திலிருந்து பார்த்தால்

பாடநூலில் ஒரு கனவுரு வரையப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு மறைந்த விளிம்புகளை விட்டுவிட்டு இழுத்த கோடுகள் காட்டுகின்றன. இதன் கிடைப்படத்தையும், முன்நிலைப்படத்தையும், பக்கநிலைப்படத்தையும் வரைக என்பது வினா. மாணவன் வரைகிறான்; புள்ளிகளும் பெறுகிறான். ஆயின் அவன் திண்மம் எதனையேனும் கண்டானா? தாளிலிருந்த ஒரு படத்தை அதே தாளில் வேறு மூன்று படங்களாகப் பெயர்த்தான், அவ்வளவே. மேலிருந்து நோக்குவதும், முன்னின்று நோக்குவதும், பக்கத்தே சென்று நோக்குவதும் கால்களாற் செய்யவேண்டிய காரியங்கள் என்பதை நம் வகுப்பறைகள் மறந்துவிட்டன.

சுவிற்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் பியாஜேயும் அவருடன் ஆராய்ந்த இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட நூலொன்றில், மூன்று மலைகளின் மாதிரியுருவைக் குழந்தைகள்முன் வைத்து நடத்திய சோதனை விவரிக்கப்பட்டிருக்கிறது. மலைகளுக்கு அப்பால் இருக்கும் பொம்மைக்கு அவை எவ்விதம் தோன்றும் என்று கேட்டபோது, இளங்குழந்தைகள் தாம் கண்ட தோற்றத்தையே சுட்டிக்காட்டினர். பொருளும் சூழலும் பழகியவையாயின் அவ்வயதினரும் பிறர் நோக்கை உணர்வர் என்று மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதினார். அங்கே மலையைச் செய்து காட்டவேண்டியிருந்தது. நமுனுகுல மலையைப் பதுளையிலிருந்து ஒரு விதமாகவும் பசறையிலிருந்து வேறு விதமாகவும் காணும் நம் பிள்ளைக்கு அந்தச் செலவும் இல்லை!

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களை நான் வேண்டுவது இதுவே: பழகிய பொருளிலிருந்து தொடங்குக. லயத்தை எடுத்துக்கொள்வோம். முன்னே நின்றால் வரிசையாகக் கதவுகள். கோடியிற் சென்று நின்றால், இருபுறமும் சரிந்த கூரையுடன் ஓர் ஐங்கோணம். மேலேயுள்ள தேயிலை மலையிலிருந்து நோக்கினால் நீண்ட செவ்வகம், நடுவே முகட்டுக்கோடு. ஐங்கோண அரியம் என்று பாடநூல் கூறும் திண்மத்திலேதான் இந்தப் பிள்ளை பிறந்து வளர்கிறது. அதை யாரும் அதற்குச் சொல்வதில்லை. உபகரணம் இல்லையென்ற குறையும் பொருந்தாது. வெலிமடையில் விளையும் உருளைக்கிழங்கொன்றைப் படிக்கட்டு வடிவாக வெட்டி மேசைமீது வைத்து, நான்கு பிள்ளைகளை நான்கு பக்கமும் இருத்தி, ஒவ்வொருவரும் தாம் காண்பதை மட்டும் வரையச் செய்க. பிறகு படங்களைக் கலைத்துவிட்டு, எது எங்கிருந்து வரையப்பட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்க. சண்டை வரும். வரட்டும், அச்சண்டையிலேதான் பாடம் இருக்கிறது. முடிந்தபின் கிழங்கு கறிக்கு உதவும்.

ஒரே ஒரு படம் போதாது என்பதற்குத் தெமோதரையைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்? 1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதை, அங்கே குன்றைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த புகையிரத நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகச் செல்கிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைக் கண்டே இந்த வளைவு திட்டமிடப்பட்டதென ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ, புனைவோ, கேட்க இனிக்கிறது. இதன் கிடைப்படத்தில் பாதை தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். வண்டிகள் மோதிவிடும் போலிருக்கும். பக்கநிலைப்படம் வரைந்தாலன்றி, ஒன்று மேலும் மற்றது கீழும் செல்வது விளங்காது.

பரீட்சையோடு முடிந்துவிடும் வித்தையா இது? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போக்கிடம் அளிக்காத எச்சரிக்கையால் என்ன பயன் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கூறவேண்டியோர் ஆசிரியர்கள் அல்லர். ஆனால் மண்சரிவு அபாய வரைபடமும் ஒரு கிடைப்படமே. அதில் லயம் ஒரு சிறு கட்டம். மலையோ வளைந்த சில சமவுயரக் கோடுகள். அக்கோடுகள் நெருங்குமிடத்தைப் பக்கத்தோற்றமாக மாற்றிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கே, வீட்டின் முதுகுப்புறத்தில் மண் எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பது புலப்படும். தோட்டத்தில் கட்டித்தரப்படும் தனிவீட்டின் வரைபடமும் இவ்வாறே. அதிகாரி வந்து தாளை விரிக்கும்போது, தலையசைத்து நிற்கும் பெற்றோர் சார்பில் கேள்வி கேட்கக்கூடியது அந்தப் பிள்ளைதான்.

இப்பாடம் வரும் வாரத்தில் ஒரு நாளாவது வகுப்பை லயத்தின் கோடிக்கும் மலைமேட்டுக்கும் அழைத்துச் செல்ல அதிபர்கள் இசையவேண்டும். மழைநாளாயின் கிழங்கு இருக்கவே இருக்கிறது.