கொழுகொழுக் குழந்தைக்குப் பரிசா?

ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு நம் சங்கம் புனே நகரத்துத் தமிழ்க் குடும்பங்களை அழைக்கிறது. கோலம், உறியடி, பாட்டு ஆகியவற்றோடு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போட்டி ஒன்றும் நடைபெறுகிறது. பரிசு யாருக்கு என்பதைப் போட்டி தொடங்குமுன்பே சொல்லிவிடலாம். கன்னம் உப்பி, கையில் மடிப்பு விழுந்த குழந்தைக்குத்தான்! பரிசோ ஓர் இனிப்புப் பெட்டி. இந்தப் போட்டியை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. உயிர்வேதியியல் மாணவன் என்ற முறையில் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பஞ்சமும் கொள்ளைநோயும் மலிந்திருந்த நாளில் சதைப்பற்றுள்ள பிள்ளையே பிழைத்தது. ஆகவே நம் பாட்டிமார் அதைக் கண்டு மகிழ்ந்ததில் வியப்பில்லை. இன்று நிலைமை வேறு.

கொழுப்பு என்றால் உடலில் சும்மா கிடக்கும் சுமை என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று, அது ஓயாமல் வாங்கியும் கொடுத்தும் வரும் களஞ்சியம். நாம் உண்ணாதிருக்கும் வேளையில் அங்கிருந்து கொழுப்பமிலங்கள் குருதியில் இறங்குகின்றன. ஆல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு சென்று, தசைகளுக்கும் இதயத்துக்கும் எரிபொருளாகின்றன. குருதியில் அவை தங்குவது சில நிமிடங்களே. சர்க்கரை உட்கொண்டதும் அவற்றின் அளவு தாழ்வதை 1956-இல் அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டோல் எடுத்துக்காட்டினார். உண்டவுடன் சுரக்கும் இன்சுலின் களஞ்சியத்தின் கதவைச் சாத்திவிடுகிறது. 1963-இல் இங்கிலாந்தில் பிலிப் ராண்டிலும் அவர்தம் தோழர்களும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர்: தசையினுள் கொழுப்பமிலமும் சர்க்கரையும் போட்டியிடுகின்றன, முன்னது மிகுந்தால் பின்னதைத் தசை ஒதுக்குகிறது.

இனி, களஞ்சியம் நிரம்பி வழியும் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். இடமில்லாத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது. இன்சுலின் சொல்லுக்கு அவை முன்போல் செவிசாய்ப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ஈரலோ கொழுப்பமிலங்களை மும்மூன்றாகக் கட்டி, டிரைகிளிசரைடு என்னும் பொதியாகக் குருதியில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பருத்தவர் எல்லோருக்கும் வெறும்வயிற்றில் கொழுப்பமிலம் கூடியிருக்கும் என்று பாடநூல்கள் பொதுப்படச் சொல்லிவந்ததை, 2011-இல் ஆக்சுபோர்டு ஆய்வாளர்கள் மறுபரிசீலனை செய்து, அது எல்லோருக்கும் பொருந்தாது என்றனர். எனவே ஒரே ஓர் எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. எந்த அமிலம், எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் சுவையானது. பருத்த பிள்ளைகளின் குருதியில் பால்மிட்டோலியிக் அமிலம் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நம் அன்றாட உணவில் இது சிறிதளவே உண்டு. இதன் பெரும்பகுதி ஈரலும் கொழுப்புத் திசுவும் சர்க்கரையிலிருந்தும் மாவுப்பொருளிலிருந்தும் தாமே செய்துகொண்டது! எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு, குழந்தையின் கையில் இனிப்புப் பானத்தைக் கொடுக்கும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

மழலைச் சதையெல்லாம் நோய் என்று நான் சொல்லவில்லை. முதலாண்டில் குழந்தை கொழுப்பது இயற்கை. பின்னர் ஐந்தாறு வயதுவரை மெலிவதும் இயற்கையே. அதன்பின் மீண்டும் சதை பிடிக்கும். அந்த மீட்சி வயதுக்கு முந்தி வந்துவிட்டால் பிற்காலத்தில் உடல் பருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதை 1984-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். நம் வீடுகளில் நடப்பது என்ன? மூன்று வயதில் பிள்ளை இயல்பாக மெலிந்தால், ‘ஐயோ, இளைத்துவிட்டானே!’ என்று சர்க்கரை கலந்த சத்துமாவுப் பானத்தைப் புகட்டுகிறோம். நம் மேடையில் பரிசு பெறாத பிள்ளையின் தாய் அன்றிரவே அந்த வேலையைத் தொடங்கிவிடுவாள்.

மெலிந்த தோற்றமும் நம்மை ஏமாற்றவல்லது. நாம் படிக்கும் இந்தப் புனே நகருக்கு அருகில், ஆறு சிற்றூர்களில், மருத்துவர் யாக்னிக் 1993-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் மிகக் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உருவம், கொழுத்த உட்புறம்! 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பும் இதற்குச் சான்று பகர்கிறது. ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளில் எடை மிகுந்தவர் நூற்றுக்கு 4 பேர்தாம். டிரைகிளிசரைடு மிகுந்தவரோ 34 பேர். கண்ணை நம்பி நடுவர் வேலை பார்ப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

மற்றொரு கொடுமையும் உண்டு. ஐந்து வயதில் மேடையேற்றிய அதே பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் ‘குண்டன்’ என்கிறோம். இத்தகைய பிள்ளைகள் சிலருக்குப் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிக்கும். இன்சுலின் மிகையின் அடையாளம் அது. தாய்மார் அழுக்கென்று எண்ணி நாரால் தேய்க்கின்றனர்; பிள்ளை கூசி அழுகிறான். அவனைத் திட்டியோ பட்டினி போட்டோ பயனில்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓடியாட இடமும் நேரமும் தர வேண்டும். உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் என்பதை நம் பாடநூலிலேயே படிக்கிறோம்.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று 2020-இல் விதி வகுத்திருக்கின்றனர். பள்ளிக்கு ஆகாதது தமிழ்ச் சங்கத்துக்கு ஆகுமா? ‘ஆண்டுக்கு ஒருநாள் விளையாட்டு, இதில் என்ன தீங்கு?’ என்று செயற்குழு நண்பர்கள் கேட்டனர். தாய்மார் கூட்டம் குறைந்துவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. கூட்டம் சேர்க்க வேறு வழியா இல்லை? பரிசுத் தொகையில் நான்கு பந்துகளும் ஒரு நீண்ட கயிறும் வாங்கலாம். மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளையும், பருத்தவரையும் மெலிந்தவரையும் சேர்த்தே, ஒரு மணி நேரம் ஓடவிடலாம். வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதனை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.