புல்லட் சத்தம்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற மலைரோடு சுமார் 64 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரோட்டோரம் நின்று பாருங்கள், தோழர்களே. கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து பையன்கள் கூட்டங்கூட்டமாய் வண்டிகளில் வந்து, டீ குடித்துவிட்டு மலையேறுவார்கள். அந்தக் கூட்டத்தில் புது வண்டிக்காரனுக்கு மரியாதை கம்மி. 1985க்கும் 1996க்கும் இடையில் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100, மைசூரில் செய்த எஸ்டி, வலது காலில் கியர் போடுகிற பழைய புல்லட், இதில் ஒன்று வைத்திருக்கிறவன்தான் அங்கே ராஜா.

இந்த வண்டிகளெல்லாம் அந்த வடிவில் இப்போது வருவதில்லை. அதனால் ஒரிஜினல் சாமானுக்கு அலைச்சல். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று பழைய சாமான் கடைகளைச் சலித்தெடுக்கிறார்கள். ஒரு கார்புரேட்டருக்காக இன்னொரு முழு வண்டியை வாங்கிப் பிரித்துப்போட்டவரை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால் "பாரம்பரியத்தக் காப்பாத்துறோம்" என்கிறார்.

காசு இருக்கிறவன் பைத்தியம், நமக்கென்ன என்று விட்டுவிடலாம். விடமுடியாமல் ஒரு சங்கதி நடந்தது.

ஆயக்குடிப் பக்கத்துக் காலனிப் பையன் ஒருத்தன். அம்மா கொய்யாத் தோப்பில் காய் பறிக்கிறவர். இவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் மூன்று வருசம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் பழைய ஆர்.எக்ஸ். ஒன்றை வாங்கிப் புதுசாக்கி வாசலில் நிறுத்திவிட்டான். கணக்கை நோட்டில் எழுதி வைத்திருந்தான். வண்டி 45,000. போர் போட்டு பிஸ்டன், கிராங்க் மாற்றியது 17,000. குரோம் 6,500. பெயிண்ட் 8,500. டயர், ரிம், ஸ்போக் 7,000. ஒயரிங், மீட்டர், லைட் 5,500. பட்டறைக் கூலி 10,000. ஆக மொத்தம் 99,500. லட்சத்துக்கு ஐநூறு குறைச்சல்.

அந்த வாரக் கூட்டத்துக்கு அவன் அந்த வண்டியிலேயே வந்தான். எங்கள் அமைப்பின் பெரியவர் ஒருவர், பண்ணையில் அடிபட்டு வளர்ந்தவர், எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "ஏந்தம்பி, ஒரு லட்சத்த இரும்புக்குக் கொட்டியிருக்கியே, அம்பேத்கர் படிக்கச் சொன்னாரா, பைக் ஓட்டச் சொன்னாரா?" கூட்டம் சிரித்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். "தங்கச்சியப் படிக்க வைக்கிறதும் நாந்தாங்கய்யா" என்று மட்டும் முனகினான். நானும் சிரித்தவன்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுகொண்டது.

வண்டியைப் பற்றி அம்பேத்கர் பேசாமலா போனார்? தன் நினைவுக் குறிப்புகளில் அவர் முதலில் சொல்வதே வண்டி விசயம்தான். 1901இல், சின்னப் பையனாக, அப்பாவைப் பார்க்க மசூர் ஸ்டேசனில் இறங்குகிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். கடைசியில் இரட்டை வாடகை பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து பக்கத்தில் நடந்து வருகிறான். 1929இல் பாரிஸ்டராகச் சாலிஸ்காவ் போகிறார். அப்போதும் குதிரைவண்டிக்காரன் ஓட்ட மாட்டேன் என்கிறான். விருந்தாளியை நடக்கவிடக் கூடாதென்று அவ்வூர் மகர்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை உட்கார வைக்கிறார்கள். பாலத்தில் வண்டி மோதுகிறது. அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிகிறது. வண்டி ஓட்டத் தெரிந்த கை நம்மிடம் இல்லாததற்கு அவர் கொடுத்த விலை அது. பெரியவர் இதைப் படித்தவர்தான், மறந்திருப்பார்.

அதற்கு முன்பே, 1893இல், திருவிதாங்கூரில் அய்யன்காளி சொந்தக் காசில் ஒரு வில்லுவண்டி வாங்கினார். தலைப்பாகை கட்டிக்கொண்டு, புலையர் நடக்கக்கூடாத பொதுச்சாலையில் அதை ஓட்டினார். வெங்ஙானூரில் அன்றைக்கும் யாராவது அவரிடம் கேட்டிருப்பார்கள், இந்தக் காசுக்கு இரண்டு மூட்டை நெல் வாங்கியிருக்கலாமே என்று.

நம்ம ஜில்லாக்காரர் ஒருவரையும் சொல்லவேண்டும். பட்டிவீரன்பட்டி சவுந்தரபாண்டியனார் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்றாத தனியார் பஸ்களின் லைசென்சை ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்டார். பஸ்ஸில் ஏறுவதற்கே உத்தரவு வேண்டியிருந்தது. அப்புறம் ஏறிவிட்டோம், சரி. 1997இல் விருதுநகரில் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் காலை வைக்க மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரம் செய்தார்கள். அரசு எல்லாக் கழகங்களின் பெயர்களையும் சேர்த்தே அழித்தது. திண்டுக்கல், பழனி பஸ்ஸில் இருந்த ராணி மங்கம்மாள் பெயர் போனது அப்படித்தான்.

புல்லட்டுக்கு வருகிறேன். இங்கிலாந்துக்காரன் வண்டி. 1955இல் சென்னையில் கம்பெனி தொடங்கி, ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்று வந்தது. ஊருக்குள் அது யாரிடம் இருந்தது? இன்ஸ்பெக்டரிடம், பண்ணையாரிடம், மில் முதலாளி மகனிடம். சேரியில் அந்த 'டப் டப்' சத்தம் தூரத்தில் கேட்டாலே கயிற்றுக்கட்டிலில் கிடந்தவர் எழுந்து நிற்பார், தோள்துண்டு இடுப்புக்கு இறங்கும், அம்மாக்கள் பையன்களை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். எங்கள் அப்பா சாகும்வரை அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவர். இன்றைக்கு அந்தச் சத்தத்துக்காகவே சைலன்சரை மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஒருத்தனுக்குச் சங்கீதமாக இருப்பது இன்னொருத்தனுக்கு என்னவாக இருந்தது என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

அதே சத்தம் சேரியிலிருந்து கிளம்பினால் என்ன ஆகும்? 2025 பிப்ரவரி 12. சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூர். கல்லூரியில் படிக்கிற தலித் பையன் புல்லட்டில் வீடு திரும்புகிறான். நீயெல்லாம் புல்லட் ஓட்டுவதா என்று சாதியைச் சொல்லித் திட்டி, கைகளை அரிவாளால் வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு. முன்விரோதம் என்றும் ஒரு பேச்சு வந்தது. எப்போதும் வருவதுதான். வெட்டு விழுந்தது ஆக்சிலேட்டர் முறுக்கிய கையில். படிக்கச் சொன்னாரா, ஓட்டச் சொன்னாரா என்றால், படிக்கவும் செய்துகொண்டு ஓட்டவும் செய்த பையன் அவன்.

இன்னொரு பக்கமும் கையைப் பற்றித்தான். பழைய வண்டியைப் புதுசாக்குகிற பட்டறையில் அழுக்குத் தண்ணீரில் உப்புத்தாள் தேய்க்கிற கை யாருடையது? டிங்கரிங்கில் தட்டுகிற கை? பழனியில் நான் பார்த்த பட்டறைகளில் பாதிக்கு மேல் நம்ம பையன்கள், பெரும்பாலும் அருந்ததியர். நாள் கூலி ஐநூறு. (குரோம் என்றாலே திண்டுக்கல்காரனுக்கு வேறு ஞாபகம் வரும். தோல்ஷாப்புக் குழிக்குள் இறங்கி நின்ற கால்கள், குடிக்க முடியாமல் போன கிணறுகள்.) வண்டி பளபளவென்று வெளியே வந்ததும் படம் பிடித்துக்கொள்வது சொந்தக்காரன். செய்தவன் பெயர் எங்கேயும் இல்லை. பழைய சிலையைச் செய்தவன் பெயர் மட்டும் இருக்கிறதா என்ன!

சட்டமும் இந்தச் சொந்தக்காரன் பக்கம்தான் சாய்கிறது. 2021இல் மத்திய அரசு, 50 வருசம் தாண்டிய வண்டிகளைப் பாரம்பரிய வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்கு ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. 2022 ஏப்ரலில், 15 வருசம் தாண்டிய சாதாரண பைக்குக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 300இலிருந்து 1,000 ஆக்கினார்கள். அடுத்து 20 வருசம் தாண்டினால் 2,000 என்றார்கள். செங்கல் சூளைக்கும் கொத்து வேலைக்கும் பழைய டி.வி.எஸ். 50இல் போகிற நம்ம ஆளுக்குப் பழைய வண்டி மேல் காதல் ஒன்றும் கிடையாது. புதுசு வாங்க வக்கில்லை, அவ்வளவுதான். ஒருத்தனுக்கு 50 வருசம் பெருமை. இன்னொருத்தனுக்கு 15 வருசம் தண்டம்.

பெரியவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த 99,500இல் 20,000 கந்துவட்டிக்கு வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு நானே திட்டினேன். ஆனால் நம் கூட்டங்களில் கேட்கவேண்டிய கேள்வி வேறு இருக்கிறது. பத்து வருசம் பட்டறையில் உழைத்து, என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற நம்ம பையன், ஏன் இன்னும் உதவியாளாகவே இருக்கிறான்? மெயின் ரோட்டில் அவனுக்குக் கடை வாடகைக்கு விடுகிறவர் யார்? தாட்கோ கடனுக்கு அலைந்து செருப்பைத் தேய்த்தவர்கள் எத்தனை பேர்? இதை ஒருநாள் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

போன வாரம் அந்தப் பையனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவன் காலனிக்குப் போனேன். என்ஜின் தேன்போல ஓடியது. ஊர்த் தெரு முனை வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டான். இறக்கத்தில் வண்டி சத்தமில்லாமல் உருண்டது. கோயில் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலனிப் பாலம் தாண்டிய பிறகுதான் திரும்ப உதைத்துக் கிளப்பினான்.

"என்னடா தம்பி, பெட்ரோல் மிச்சமா?"

"இல்லண்ணே, சத்தம் ஜாஸ்தி. அவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க."

பெரியவரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் என்ஜினை அணைக்காமல் போவதென்று பேசியிருக்கிறோம். பையனுக்குப் பின்னால் தானே உட்கார்ந்து வருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.