துண்டு வெட்டிய பின் யார் பொறுப்பு?

பூச்சிமருந்து அருந்திய ஒருவரைக் கிராமத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு வருகின்றார்கள். வைத்தியரும் தாதியரும் இரவு பகலாகக் கண்விழித்து அவருயிரை மீட்கின்றார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் எழுந்திருந்து கஞ்சி குடிக்கின்றார். துண்டு வெட்டப்படுகின்றது. வாசலில் நிற்கும் ஓட்டோவில் ஏறி, எந்த வீட்டில் எந்தத் துயரத்தில் வாழ வேண்டாமென்று எண்ணினாரோ, அதே வீட்டுக்கு, அதே துயரத்துக்குத் திரும்புகின்றார். உடம்பிற் புகுந்த நஞ்சுக்கு மருத்துவம் நடந்தது. மனத்தில் இருந்த நோய்க்கு என்ன நடந்தது? "இனிமேல் இப்பிடிச் செய்யாதையுங்கோ" என்றொரு கண்டிப்பு; பிள்ளைகளின் தலைமேல் அடித்து ஒரு சத்தியம். பல இடங்களிலே இவ்வளவுதான் நடக்கின்றது. இதனை மருத்துவமென ஒப்புக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை.

இந்நாட்டைப் பற்றிய ஒரு நற்செய்தியை முதலிற் சொல்லிவிடுவோம். நற்செய்தி சொல்வதற்கு வாய்ப்பு அரிதாகவே கிட்டுகின்றது. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஓரிலட்சம் மக்களுள் ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த கணக்குகளுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டிலேயே மிகக் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிமருந்துகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1998இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. 2008 தொடங்கி 2011 வரை டைமெதோயேட், பென்தியோன், பரகுவாட் ஆகிய மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டளவில் இறப்பு விகிதம் நூற்றுக்கு எழுபது பங்கு வீழ்ந்துவிட்டது. இத்தடைகளால் அவ்விருபதாண்டுகளிற் காக்கப்பட்ட உயிர்கள் 93,000 வரையாகும் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். முதலிரு தடைகளுக்குப் பின் விளைச்சற் கணக்குகளையும் அவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். நெல் விளைவு குறையவில்லை. "இந்த மருந்தில்லாவிட்டால் வயல் அழிந்துபோம்" என்று அன்று முறையிட்ட கம்பனிகளுக்கு வயலே விடையளித்துவிட்டது.

ஆனால், இவ்வெற்றிக்குள் ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது. இறப்புக் குறைந்த அளவுக்கு, நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறையவில்லை. கடைகளில் மருந்துதான் மாறியது. வீட்டிலிருந்த துயரம் அப்படியே இருந்தது. முன்னர் சுடலைக்குச் சென்றவர்கள் இன்று பிழைத்தெழுந்து விடுதிக் கட்டிலில் அமர்ந்திருக்கின்றார்கள் என்பதே இதன் பொருள். ஆகவே, முன்னெக்காலத்திலும் கிடைக்காத ஒரு வாய்ப்பு நமது தாதியர் கையிற் கிடைத்திருக்கின்றது. அவ்வாய்ப்பை நாம் என்ன செய்கின்றோம் என்பதே கேள்வி.

இவர்களுட் பெரும்பாலோர் நெடுநாள் திட்டமிட்டவர்களல்லர். வடமத்திய மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்விற் பேசிய நோயாளருட் பாதிக்கு மேற்பட்டோர், எண்ணம் தோன்றி அரைமணி நேரத்துக்குள் நஞ்சருந்தியவர்கள். ஒரு சண்டை, ஒரு வசைச்சொல், ஒரு கடன்காரன் படலையடியில் நின்று கத்திய சத்தம், இவ்வளவே போதுமாயிருந்தது. வேறு சிலரோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மனச்சோர்வு என்னும் நோயைச் சுமந்து வந்தவர்கள். இவ்விரு திறத்தாரையும் பிரித்தறிவதற்கு ஒரே வழி அவர்களோடு பேசுவதுதான். பேசுவதற்கு நேரம் வேண்டும். பேசத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

மனச்சோர்வு நம்மிடையே எவ்வளவு பரந்தது என்பதற்குக் கணக்குண்டு. போர் முடிந்த சில மாதங்களில், 2009ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வு, அங்குள்ளோருள் நூற்றுக்கு 22 பேரிடம் அந்நோயின் குறிகளைக் கண்டது. ஐவருள் ஒருவருக்கும் அதிகம்! ஆனால் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு எந்தக் கமக்காரரும் வெளிநோயாளர் பகுதிக்கு வருவதில்லை. "யோசனை கூடிப்போச்சு", "பெருமூச்சு வருது", "தலையிடி மாறுதில்லை", "நித்திரை இல்லை" என்றே வருகின்றார். பனடோலும் சத்துக்குளிசையும் பெற்றுக்கொண்டு போகின்றார். நோய்க்கு அவர் வைத்த பெயரை நாம் கேட்கத் தவறுகின்றோம். நாம் வைத்த பெயரோ அவருக்குத் தெரியாது.

இதற்கும் கருவியுண்டு. கடந்த இரண்டு கிழமைகளில் மனமும் உடலும் எப்படியிருந்தன என்று வினவும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளொன்று 2001 முதல் உலகெங்கும் வழங்குகின்றது. தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. அதன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நல்லதென்ற எண்ணமோ தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என நேரே கேட்கின்றது. நம்மிற் பலருக்கு இக்கேள்வியென்றால் நடுக்கம். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாக முடியுமென அஞ்சுகின்றோம். இவ்வச்சம் பொய்யென்பது சோதித்துக் கண்ட உண்மை. 2014இல் வெளிவந்த ஒரு மீளாய்வு 13 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. கேட்டதனால் எண்ணம் பெருகியதென்று அவற்றுள் ஒன்றேனும் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றார்கள், ஒருவராவது கேட்டாரே என்று.

சான்றைக் கொண்டு தாதியம் செய்வதென்பது நேற்று முளைத்த வெளிநாட்டு மோகமென்று எண்ணுவோர் உளர். நவீன தாதியத்தின் தாயாகிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் கையில் விளக்கை மாத்திரம் ஏந்தியவரல்லர். கிரிமியப் போரிற் காயத்தால் இறந்தோர் எத்தனை பேர், தடுக்கக்கூடிய நோயால் இறந்தோர் எத்தனை பேர் என எண்ணிக் கணக்கெடுத்து, 1858இல் வட்டப்படம் வரைந்து அரசினர் முன் வைத்தவர் அவர். நமது படக்கலண்டர்கள் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டன!

நல்லெண்ணம் மட்டும் போதாதென்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடமுண்டு. பூச்சிமருந்தைப் பூட்டிவைக்கப் பெட்டி கொடுத்தால் உயிர்கள் காக்கப்படும் என்பது எவருக்கும் நியாயமாகத் தோன்றும் யோசனை. நமக்கும் அவ்வாறே தோன்றியது. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட வீடுகளில், பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி கொடுத்தும் மறுபாதிக்குக் கொடாமலும் அது சோதிக்கப்பட்டது. 2017இல் முடிவு வெளியாயிற்று. இரு பாதிக்கும் வேறுபாடு காணப்படவில்லை. சோதியாது விட்டிருந்தால், இன்று நாடெங்கும் பெட்டி வழங்கும் விழாக்களும் மாலைகளும் புகைப்படங்களும் நடந்துகொண்டிருக்கும்.

அவ்வாறாயின் பயன்பட்டது எது? உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு ஆகியவற்றோடு பிறேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளிலும் ஒவ்வோரிடத்தைச் சேர்த்து ஐந்திடங்களில் ஒரு சோதனை நடத்தியது. தம்முயிரை மாய்க்க முயன்று பிழைத்த 1,867 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு வழக்கமான மருத்துவம். மறு சாராருக்கு அதனோடு, வீடு செல்லுமுன் ஒரு மணி நேரம் தனியே இருந்து பேச்சு. அதன் பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் விசாரிப்பு முதற் கிழமையிலேயே. விசாரிக்கச் சென்றவர்கள் பேராசிரியர்களல்லர்; தாதியர் போன்ற பயிற்சி பெற்ற ஊழியர்கள். 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 2.2 பேர் அக்காலத்துள் தம்முயிரை மாய்த்தனர், விசாரிக்கப்பட்டவர்களுள் 0.2 பேர். இத்தகைய முயற்சி எல்லா நாடுகளிலும் ஒரே அளவு பயன் தந்ததென்று நாம் கூறமாட்டோம். ஆனால் கொழும்பும் சென்னையும் நமக்கு அந்நிய ஊர்களா?

இதனினும் எளிய ஒன்றை முன்னரே அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில், ஜெரோம் மொட்டோ என்னும் வைத்தியர் செய்து பார்த்தார். தொடர் மருத்துவம் வேண்டாமென்று போன 843 நோயாளருள் ஒரு பகுதியினருக்கு ஐந்தாண்டு வரை அவ்வப்போது சிறு கடிதங்கள் அனுப்பினார். "உங்களை நினைத்துக்கொண்டோம், நலமென நம்புகின்றோம்" என்ற அளவில் அவை முடிந்தன. முதலிரண்டாண்டுகளில் கடிதம் பெற்றோரிடையே இறப்புக் குறைந்திருந்தது.

மற்றொன்று பாதுகாப்புத் திட்டம் எனப்படுவது. தாதியும் நோயாளியும் பக்கத்தில் அமர்ந்து ஒரு தாளில் எழுதுவது அது. எண்ணம் எழும்போது முதலில் தெரியும் குறி யாது, அப்போது எங்கே போவேன், யாரோடு பேசுவேன், எந்த இலக்கத்துக்கு அழைப்பேன், ஆபத்தான பொருளை வீட்டிலிருந்து யார் அகற்றுவார் என்பன அதில் இருக்கும். அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகளில் இத்திட்டத்தோடு தொலைபேசி விசாரிப்பும் சேர்ந்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் உயிர் மாய்க்கும் முயற்சிகள் முதலியன நூற்றுக்கு 45 பங்கு குறைந்திருந்தன என 2018ஆம் ஆண்டின் ஆய்வு கூறுகின்றது. நாமோ சத்தியம் வாங்குகின்றோம். சத்தியம் வாங்குவதால் உயிர் காக்கப்படும் என்பதற்குச் சான்றில்லை. மீறினால் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த முறை வாய்திறவாது போய்விடும் ஆபத்தும் அதிலுண்டு.

இனி மொழிக்கு வருவோம். இவ்வளவும் பேச்சினால் ஆகும் மருத்துவம். ஊசிக்கு மொழி தேவையில்லை. ஒன்பதாம் கேள்விக்குத் தேவை. 13ஆம் திருத்தத்தினால் 1987இல் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆனாற் தமிழ் தெரியாத ஒரு தாதி, தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணிடம் இக்கேள்வியை எப்படிக் கேட்பார்? பக்கத்தில் நிற்கும் கணவனை மொழிபெயர்க்கச் சொல்வார். அக்கணவனோடு ஏற்பட்ட சண்டையில்தான் அவள் நஞ்சருந்தினாள் என்றால், அவன் வாயால் வரும் கேள்விக்கு அவள் என்ன விடை சொல்வாள்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வேற்று நாட்டாருக்கு அன்று விளங்கியது இன்று நம் சுகாதாரப் பகுதியினருக்கு விளங்கவில்லையெனில் யாரைப் போய்க் கேட்பது?

தாதியரை நாம் குறைகூறவில்லை. நோயாளர் "மிஸி, மிஸி" என்று நாற்புறமும் அழைக்க, ஒரே ஆள் முழு விடுதியையும் பார்க்கும் இரவுகளை நாம் அறிவோம். ஊசியும் மருந்தும் ஏட்டிற் பதியப்படுகின்றன. ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசியது பதியப்படுவதில்லை. பதியப்படாத வேலைக்கு ஆளும் நேரமும் ஒதுக்கப்படுவதுமில்லை. அவ்வேலையும் கடமையே என எழுத்தில் வரவேண்டும். பயிற்சியும் தமிழில் நடைபெற வேண்டும்.

கமக்கார அன்பர்களுக்கும் ஒன்று. உயிர் மாய்க்க முயல்வது குற்றமென்றிருந்த சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பொலிசுக்குப் பயந்து "தவறுதலாகக் குடித்தார்" என்று வைத்தியருக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. பிழைத்து வந்தவர் இருக்கும் வீட்டில் அப்போகத்துக்கு மருந்துப் போத்தலே இருக்கலாகாது. தெளிக்கும் நாளில் வாங்கி அன்றே முடியுங்கள், அல்லது அயலார் பொறுப்பில் விடுங்கள். வெங்காயத்தின் விலை விழுந்த ஆண்டில் வாய்பேசாது திண்ணையில் இருக்கும் அண்ணரிடம், தம்பியிடம், "சாகவேணும் போலை இருக்கோ" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆமென்றால் அவரைத் தனியே விடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் எந்நேரமும் அழைக்கலாம்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் சுகாதாரப் பகுதியினரிடம் நாம் கேட்பது இதுதான். சென்ற ஆண்டில் நஞ்சருந்திப் பிழைத்துத் துண்டு வெட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் முதற் கிழமையில் ஒரு தாதி தொலைபேசியில் அழைத்து விசாரித்தது எத்தனை பேரை? ஆறாம் மாதத்தில் எத்தனை பேரை? இதற்கு விடை சொல்லும் ஏடு எந்த வைத்தியசாலையிலாவது இருந்தால் வெளியிடுக. இல்லையேல் வருகின்ற மாதம் முதலாந் திகதி ஒரு கொப்பியைத் திறந்து, முதற் பெயரை எழுதி, அதன் எதிரே ஒன்பது திகதிகளைக் குறிக்கலாம்.