நாலு விநாடிப் பாட்டி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

“கம்ப்யூட்டர் வந்தது, வேலை எளிதாயிற்று” என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். படத்தொகுப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் முதல் கம்ப்யூட்டர் வந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே, அவர்கள் சொல்லும் கதை வேறு.

பிலிம் சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம். விநாடிக்கு 24 பிரேம். ஆக ஒரு நிமிடப் படம் 90 அடி நீளம். அதை மூவியோலாவில் ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டி, மிஞ்சிய துண்டுகளைக் கொக்கியில் தொங்கவிட்டு வேலை செய்தார்கள். 1989இல் அமெரிக்காவில் ஆவிட் என்ற கருவி வந்தது. இந்தியாவில் அதைப் பயன்படுத்திய முதல் படமென்று 1994இல் வெளிவந்த ‘மகாநதி’யைச் சொல்கிறார்கள். வெட்டியதை நொடியில் மாற்றலாம், வேண்டாமென்றால் பழையபடி ஆக்கலாம். ஆனால் வட்டில் இடம் குறைவு என்பதால் படத்தைச் சுருக்கி ஏற்றினார்கள். திரையில் தெரிந்தது மங்கலான படம்தான்.

அந்த மாற்றம் எங்கள் மலைக்கு வந்து சேர இன்னும் பத்தாண்டு ஆயிற்று. வந்தது சினிமா வழியாக அல்ல, கல்யாண வீடியோ வழியாக. ஊட்டியில் அத்தொழில் செய்யும் அண்ணன் ஒருவரிடம் விடுமுறை நாட்களில் உதவிக்குப் போகிறேன். (அப்பா மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பஸ் செலவுக்காவது ஆகட்டுமே!)

முதலில் அவரிடம் இருந்தவை இரண்டு வி.சி.ஆர். ஒன்று ஓடும், மற்றொன்று பதியும். ஐந்தாம் நிமிடத்தில் ஒரு தவறு என்றால் அதற்குப் பிறகு உள்ள அத்தனையையும் மறுபடி பதிய வேண்டும். 2003இல் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் வாங்கினார். 40 ஜி.பி. வட்டு. ஒரு மணி நேர டிஜிட்டல் வீடியோவுக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. வேண்டும், மூன்று டேப் ஏற்றினால் வட்டு நிறைந்தது. ஒரு மணி நேர டேப்பை ஏற்ற முழுதாக ஒரு மணி நேரம். ஒரு காட்சி மறைந்து இன்னொன்று தோன்ற வேண்டுமா? விநாடிக்கு 25 படத்தையும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கணக்கிடும். இரவு ஓடவிட்டுத் தூங்குவார், நடுவில் கரண்ட் போய்விட்டிருக்கும். 1932லேயே மின்நிலையம் கண்ட சிங்காரா இருக்கும் மாவட்டத்தில் இந்த நிலை!

“தம்பி, அடுத்த கல்யாணத்தை ஏத்தணும்னா முந்தின கல்யாணத்தை அழிக்கணும். டேப்பையும் விடமாட்டோம், அது மேலயே மறுபடி எடுப்போம்” என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2004இல் மசினகுடியில் நடந்த என் சித்தியின் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் அவர்தான். நான் பிறக்குமுன் இறந்த என் பாட்டி அதில் நாலு விநாடி வருகிறார். வாய் அசைகிறது, யாரையோ அதட்டுகிறார். ஆனால் கேட்பது நாதஸ்வரம். குரல் இல்லை.

இடம் குறைவாக இருந்ததால்தான் நாங்கள் யோசித்து வெட்டினோம், இன்றைய பிள்ளைகள் யோசிப்பதே இல்லை என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஆனால் பஞ்சம் நல்ல வாத்தியார் என்பதை நான் ஒப்பமாட்டேன். பஞ்சத்தைப் பார்த்த வீட்டுப் பிள்ளைகள் அப்படிப் பேசமாட்டார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தெப்பக்காட்டில் எடுத்து, 2023இல் ஆஸ்கார் பெற்ற ‘தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்’ படத்துக்கு 450 மணி நேரம் படம் பிடித்தார்களாம். படமோ ஏறத்தாழ 40 நிமிடம். இடம் தாராளமாக இருந்தும் அங்கே யோசித்துத்தானே வெட்டியிருக்கிறார்கள்?

என் கருத்து இதுதான். பிலிம் காலத்தில் வெட்டிய துண்டு கொஞ்ச காலமாவது தகரப் பெட்டியில் கிடந்தது. இன்று எல்லாம் வட்டில் கிடக்கிறது. நடுவில் வந்த அந்த முதல் டிஜிட்டல் ஆண்டுகளில்தான் ஏழை வீட்டு விசேஷங்கள் முதன்முதலாக வீடியோவில் ஏறின; ஏறிய வேகத்தில் அழிந்தும் போயின. அந்நாளைய எடிட்டர்களின் நினைவுகளை ‘பழங்கதை’ என்று தள்ளாமல் எழுதி வாங்க வேண்டும். எதை வைத்தோம், எதை அழித்தோம் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். நம் கல்லூரி வரலாற்றுத் துறை இதைச் செய்யலாம். மலையில் ஸ்டுடியோக்கள் அதிகமில்லை, ஒரு மாதம் போதும்.

சென்ற மாதம் அண்ணன் ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு டேப்பில் சித்தியின் பெயரை அடித்துவிட்டு வேறொரு கல்யாணத்தின் பெயர் எழுதியிருந்தது. “ரெண்டாவது கல்யாணம் முழு டேப்புக்கும் வந்திருக்காது தம்பி. கடைசியில் கொஞ்சம் பழசு இருந்தாலும் இருக்கும்” என்றார். ஆனால் அவருடைய பழைய கேமரா ஓடவில்லை. மினி டிவி டேப் ஓடும் கேமரா யார் வீட்டிலாவது இருந்தால், இயற்பியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும், பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.